பேடல் மைதானம்: விலைப்பட்டியலில் வராத செலவு

ஆசிரியருக்கு,

கண்ணாடிச் சுவர்களுக்குள் மட்டையால் ஆடும், டென்னிஸ் போன்ற பேடல் ஆட்டத்துக்குத் தளம் போட விரும்புவோர் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு கோர்ட் என்ன விலை?" அந்த விலையில் பெரும்பாலும் இரும்புச் சட்டம், கண்ணாடி, செயற்கைப் புல், விளக்கு மட்டுமே அடங்கும். தரை உங்கள் பொறுப்பு.

ஆடுகளம் 20க்கு 10 மீட்டர். அடித்தளக் கான்கிரீட் மட்டம் பிசகினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். டெம்பர்டு கண்ணாடி (சூடேற்றி வலுவூட்டியது) ஒரு நாள் பொலபொலவென உதிரும். வழக்கமான கோர்ட்டுக்கு 18 கண்ணாடிகள்: 3க்கு 2 மீட்டரில் 14, 2க்கு 2 மீட்டரில் 4. இறக்குமதி என்றால் உதிரிக் கண்ணாடியையும் அதே கன்டெய்னரில் வரவழையுங்கள். இல்லையேல் ஒரு கண்ணாடிக்காக வாரக்கணக்கில் கோர்ட் மூடிக்கிடக்கும்.

சென்னைக் கடற்கரைப் பக்கம் இரும்புச் சட்டத்தில் வெறும் பெயின்ட் நிற்காது. ஹாட் டிப் கால்வனைசிங் (உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூச்சு ஏற்றுவது) தேவை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கூரை வேண்டும். ஆடுகளத்துக்கு மேல் குறைந்தது 6 மீட்டர் தடையின்றி இருக்க வேண்டும். புயல்காற்றைத் தாங்கும் அந்தக் கூரை, சமயத்தில் கோர்ட்டையே விலையில் மிஞ்சும்.

வருமானக் கணக்கை மாலை நேரத்தை வைத்து மட்டும் போடாதீர்கள். வேலைநாள் நண்பகலில் யார் வருவார்? சுவீடனில் தேவைக்கு மேல் கிளப்கள் முளைத்து, 2022க்குப் பின் பல திவாலாயின.

இப்படிக்கு,
விளையாட்டுத் தள ஒப்பந்தக்காரர், சென்னை