ஆண்டறிக்கை: வட்டாரப் போட்டி இந்த ஆண்டு ஏன் நடக்கவில்லை

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வட்டத்தின் நண்பர்களே, வணக்கம்.

வழக்கமாக இந்த அறிக்கை ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். போட்டி நடந்தது, இன்னார் ஜெயித்தார், மண்டப வாடகை இவ்வளவு, எல்லோருக்கும் நன்றி. இந்த முறை அப்படி எழுத வழியில்லை. நம் வட்டாரத்தின் சண்டை வீடியோ கேம் போட்டி நடக்கவில்லை. பதிவுக்கான கடைசி நாளில் கையில் இருந்த பெயர்களை வைத்து ஒரு பிராக்கெட் (யார் யாரோடு மோதுவது என்ற அட்டவணை) கூட உருப்படியாகப் போட முடியாது என்று தெரிந்ததும் செயற்குழு கூடி ரத்து செய்தது. முன்பணத்தில் ஒரு பகுதியை மண்டபத்தார் பிடித்துக்கொண்டார்கள்.

"விளம்பரம் போதவில்லையா, செயலாளர் என்ன செய்துகொண்டிருந்தார்?" என்று வாட்ஸ்அப் குழுவில் சிலர் கேட்டீர்கள். பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விளம்பரம் குறைவு என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் அதைவிடப் பழையது, கலிஃபோர்னியாவின் நம் சன்னிவேலிலேயே முளைத்தது.

கோல்ஃப்லேண்ட் காலம்

எல் கமினோ ரியல் சாலையில் உள்ள கோல்ஃப்லேண்டுக்குப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்காக நம்மில் பலர் போயிருப்போம். மினி கோல்ஃப், பீட்சா, சத்தம். 90-களில் அங்கே இருந்த ஆர்கேடுக்கு (காசு போட்டு வீடியோ கேம் ஆடும் கூடத்துக்கு) அமெரிக்கா முழுக்கப் பெயர் இருந்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் சண்டை கேம்களைத் தயாரிக்கும் கேப்காமின் அமெரிக்க அலுவலகம் அப்போது சன்னிவேலில்தான் இருந்தது. புது மெஷின் வெளியாவதற்கு முன் அதைக் கொண்டுவந்து வைத்து, மக்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று பார்ப்பதற்கு கோல்ஃப்லேண்ட் வசதியான இடமாக இருந்தது. அதனால் மற்ற ஊர்க்காரர்கள் கேள்விப்படுவதற்கு முன்பே இங்கே உள்ளவர்கள் ஆடிப் பழகிவிட்டார்கள்.

1991-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தபோது விதி எளிமையானது. தோற்றவர் விலக வேண்டும், ஜெயித்தவர் அங்கேயே நிற்கலாம். அடுத்து ஆட விரும்புகிறவர் ஒரு 25 சென்ட் நாணயத்தைத் திரையின் கீழ் விளிம்பில் வைத்தால் முறை பதிவாகிவிடும். யாரும் பெயர் எழுதவில்லை, யாரும் சண்டை போடவில்லை (திரைக்குள் போட்டதோடு சரி). தோல்விக்கு விலை இருந்தது: காசும் போகும், வரிசையில் காத்திருப்பும் மறுபடி தொடங்கும். அந்த விலைதான் ஆட்டக்காரர்களை உருவாக்கியது என்பது என் எண்ணம்.

1996-ல் அந்த கோல்ஃப்லேண்டிலேயே 'பேட்டில் பை தி பே' என்ற போட்டி நடந்தது. ஆடியவர்கள் 40 பேர். ஆடிய கேம்கள் சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ, ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபா 2. நடத்தியவர்களில் டாம் கேனன், டோனி கேனன் என்ற இரட்டைச் சகோதரர்கள் இருந்தார்கள். அந்தப் போட்டிதான் 2002-ல் 'எவோ' என்று பெயர் மாறி, 2005 முதல் லாஸ் வேகஸுக்குப் போய், 2023-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஒன்றுக்கு மட்டும் 7000-க்கும் மேற்பட்டவர்கள் ஆடிய திருவிழாவாக ஆனது. 2021-ல் சோனி அதில் பங்கு வாங்கியது. 2025-ல் அந்தப் பங்கு இந்தியாவின் நோட்வின் கேமிங் கைக்கு வந்தது. நம் ஊர் மினி கோல்ஃப் திடலில் 40 பேர் ஆடியதன் பங்கு குர்கானுக்குப் போயிருக்கிறது!

எவோ வேகஸுக்குப் போய்விட்டாலும் வட கலிஃபோர்னியாவுக்கு நார்கால் ரீஜனல்ஸ் இருந்தது. கோல்ஃப்லேண்ட் காலத்து ஆட்டக்காரரான ஜான் சோய் முன்னின்று நடத்திய தொடர். வசந்த காலத்தில் ஓட்டல் பால்ரூம் ஒன்றை எடுப்பார்கள். ஆர்கேடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்த காலத்தில், ஒரே அறையில் இத்தனை பேர் ஆடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும்.

அப்போது ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனி பாணி இருந்தது என்பதை இளைய உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் சைனாடவுன் ஃபேர் ஆர்கேடில் வளர்ந்தவர் ஆடும் விதம் வேறு, நம் பக்கத்து ஆள் ஆடும் விதம் வேறு. யார் சரி என்பதற்கு இணையத்தில் விடை கிடையாது, மோதிப் பார்த்தால்தான் தெரியும். 2004 எவோவில் ஜப்பானின் டைகோ உமெஹாரா, நியூயார்க்கின் ஜஸ்டின் வாங்கின் சூப்பர் தாக்குதலை அடி அடியாகத் தடுத்துத் திருப்பி அடித்த அந்தக் காணொலியைப் பார்க்காதவர் நம் வட்டத்தில் இல்லை. அந்த ஆட்டம் நடந்தது பொமோனாவில், கலிஃபோர்னியாவிலேயே. அதில் ஜெயித்த டைகோ இறுதியாட்டத்தில் தோற்றார் என்பதை மட்டும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஏற்றம்

2009-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 வீட்டு கன்சோல்களுக்கு வந்தது. அந்த ஆண்டு எவோவில் அந்த ஒரு கேமுக்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்தார்கள். பள்ளியில் ஆடி விட்டுவிட்டவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள். நம் வட்டத்தைத் தொடங்கியவர்களும் அந்த அலையில் வந்தவர்கள்தான். அலுவலகத்தில் மதிய நேரம் ஆடியவர்கள், அப்புறம் சனிக்கிழமை ஒருவர் வீட்டு கராஜில், அப்புறம் சமூகக் கூடத்தில்.

அப்போது வெளியே போய் ஆடுவதற்குக் கட்டாயக் காரணம் ஒன்று இருந்தது. சண்டை கேம் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படங்கள், ஓடுகிறது. ஒரு ஃபிரேம் தாமதம் கூட ஆட்டத்தை மாற்றும். வீட்டு டிவியோ படத்தைப் பல ஃபிரேம் தாமதமாகக் காட்டும். அதனால்தான் எவோவில் ஆசுஸ் விஎச்236எச் மானிட்டரைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஊரில் உள்ள எல்லோரும் அதையே தேடி வாங்கினோம். நம் கையிருப்பில் இன்றும் அவை இருக்கின்றன. இணையத்தில் ஆடினால் அதைவிட மோசம். பட்டனை அழுத்திவிட்டு, தகவல் எதிராளியின் வீட்டுக்குப் போய் வரும்வரை கேமே காத்திருக்கும். சேற்றில் நடப்பது மாதிரி இருக்கும். ஒழுங்காக ஆட வேண்டுமென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு ஃப்ரீமான்டிலிருந்து வந்தே ஆக வேண்டும்.

2014-ல் கேப்காம் ப்ரோ டூர் என்ற உலகப் போட்டிச் சுற்று தொடங்கியது. நார்கால் ரீஜனல்ஸும் அந்தச் சுற்றில் இடம்பெற்றது. புள்ளிகளுக்காக உலக ஆட்டக்காரர்கள் விமானம் ஏறி வந்தார்கள். 2017-ல் பிலடெல்ஃபியாவின் பங்க் என்ற ஆட்டக்காரர் வந்து ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-ஐ ஜெயித்துக்கொண்டு போனார். பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அப்போதே ஒரு உறுத்தல். முதல் சுற்றிலேயே உலக சாம்பியனிடம் மாட்டி, இரண்டு ஆட்டத்தில் வெளியேறுவதற்காக நுழைவுக் கட்டணம், ஓட்டல், பார்க்கிங் என்று செலவு செய்ய உள்ளூர் ஆட்டக்காரர் எத்தனை ஆண்டு வருவார்? வீட்டில் ட்விட்ச் தளத்தின் நேரலையில் அதே ஆட்டத்தை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். வட்டாரத் தொடர் உலகச் சுற்றின் ஒரு நிறுத்தமாக ஆனபோது, வட்டாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வையாளர் வரிசைக்கு நகர்ந்தது.

இறக்கம்

எல்லோரும் கொரோனாவைச் சொல்கிறார்கள். 2020 வசந்தத்தில் நார்கால் ரீஜனல்ஸ் ரத்தானது, எவோ ரத்தானது, ப்ரோ டூர் இணையத்துக்குப் போனது. எல்லாம் உண்மை. ஆனால் கொரோனா முடிந்தபின் எவோ முன்பைவிடப் பெரிதாகத் திரும்பி வந்ததே! திரும்பாதது நம்மைப் போன்ற சிறிய, நடுத்தரப் போட்டிகளுக்கான கூட்டம். ஆகவே நோயை மட்டும் குறை சொல்வது போதாது.

காரணத்தின் வேர் கோல்ஃப்லேண்டுக்கே போகிறது. எவோவைத் தொடங்கிய அதே டோனி கேனன், எக்ஸ்பாக்ஸில் பழைய ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வெளியானபோது அதன் இணைய ஆட்டம் எவ்வளவு மோசம் என்று பார்த்து, 2006-ல் ஜிஜிபிஓ என்ற நெட்கோடை (இணையத்தில் இருவர் ஆட்டத்தை இணைக்கும் நிரலை) எழுதினார். எதிராளியின் தகவலுக்காகக் காத்திருக்காமல், அவர் என்ன அழுத்தியிருப்பார் என்று ஊகித்து ஆட்டத்தை ஓட்டிவிடுவது, ஊகம் தவறினால் சில ஃபிரேம் பின்னால் போய்த் திருத்திக்கொள்வது. இதுதான் ரோல்பேக். 2019-ல் அதை எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார். பெரிய நிறுவனங்களில் பல நெடுநாள் அசையவில்லை. கொரோனா வந்து எல்லோரும் வீட்டில் அடைந்த பிறகுதான் ரோல்பேக் இல்லாத கேமை யாரும் தொட மாட்டார்கள் என்ற நிலை வந்தது. 2021-ல் கில்டி கியர் ஸ்ட்ரைவ், 2023-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை கேம்கள் ரோல்பேக்கோடு வந்தன. இப்போது ஃப்ரீமான்டில் இருப்பவர் நள்ளிரவில் சியாட்டில்காரரோடு பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவது போலவே ஆடுகிறார்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் 'பேட்டில் ஹப்' என்று ஒன்று இருக்கிறது. திரைக்குள்ளேயே ஒரு ஆர்கேட். நம் பொம்மை உருவம் அங்கே நடந்து போய் மெஷின் முன் உட்காரும், எதிரே இன்னொருவர் வந்து உட்காருவார். கட்டி எழுப்பியவர்களின் திறமையைப் பாராட்டத்தான் வேண்டும். 25 சென்ட் நாணயம் மட்டும்தான் இல்லை.

ஆக, நன்றாக ஆடுவதற்கு நம் மண்டபம் தேவையில்லை. யார் பெரிய ஆள் என்று தெரிந்துகொள்ளவும் தேவையில்லை, இணைய ரேங்க் தினமும் சொல்லிவிடுகிறது. பெரிய கூட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஆண்டுக்கு ஒருமுறை வேகஸ் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நாம் மாட்டிக்கொண்டோம். வாடகையோ ஆண்டுதோறும் ஏறுகிறது.

மற்ற நடவடிக்கைகள்

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. ஒரு விஷயம் கவனித்தேன். போட்டிக்குப் பெயர் கொடுக்காத பலர் மாதக் கூட்டத்துக்கு வருகிறார்கள், பிள்ளைகளையும் கூட்டி வருகிறார்கள், சுண்டல் தீரும்வரை கிளம்புவதில்லை. டெக்கன் 8 என்ற சண்டை கேமை ஆடும் மூலையில்தான் அதிகச் சத்தம்.

லெவர் இல்லாத, முழுக்க பட்டன்களால் ஆன கண்ட்ரோலர்களை அனுமதிக்கலாமா என்ற விவாதம் இரண்டு கூட்டங்களைத் தின்றது. ஜாய்ஸ்டிக்கில் இடது, வலது இரண்டையும் ஒரே நேரத்தில் தள்ள முடியாது, இதில் முடியும், அது அநியாயம் என்று மூத்தவர்கள் வாதிட்டார்கள். கேப்காம் ப்ரோ டூர் விதிப்படி, எதிரெதிர் திசைகளைச் சேர்த்து அழுத்தினால் எந்தத் திசையும் இல்லை என்று எடுத்துக்கொள்ளும் கண்ட்ரோலர்களை மட்டும் அனுமதிப்பதாகச் செயற்குழு முடிவு செய்தது. மூத்தவர்களைத் தோற்கடிப்பது கண்ட்ரோலர் அல்ல, எதிரே உட்காரும் பதினான்கு வயதுப் பெண் என்பது என் சொந்தக் கருத்து. அறிக்கையில் சேர்க்க வேண்டாம் என்று தலைவர் சொன்னார், சேர்த்துவிட்டேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

பொதுக்குழுவின் முடிவுக்கு

வட்டாரப் போட்டியை இப்போதைய வடிவில் அடுத்த ஆண்டும் அறிவிப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. அதற்கு ஒதுக்கும் தொகையை மாதக் கூட்டங்களுக்கே தர வேண்டும். வென்றவர் மெஷினை விடாமல் ஆடும் பழைய முறையில் ஒரு மேசையை நிரந்தரமாக வைக்க வேண்டும். பரிசுத் தொகை வேண்டாம். அணியாக ஆடும் முறையை, அதாவது சன்னிவேல் மூவர், மில்பிடாஸ் மூவர் என்று, ஒருமுறை முயன்று பார்க்கலாம். இணையத்தில் எல்லோரும் தனி ஆளாகத்தான் ரேங்க் ஏறுகிறார்கள். பக்கத்து ஊர்க்காரரைத் தோற்கடிக்கும் சுகத்துக்காவது நாலு பேர் நேரில் வருவார்கள் என்று நம்புகிறேன். இதற்கு மாற்றுக் கருத்து செயற்குழுவிலேயே இருக்கிறது. போட்டியை நிறுத்தினால் வட்டமே கலைந்துவிடும் என்பது துணைத் தலைவரின் அச்சம். அவர் தன் தீர்மானத்தை முன்மொழிவார், இரண்டையும் கேட்டு வாக்களியுங்கள்.

புதிய நிர்வாகிகள் தேர்தலும் அதே கூட்டத்தில் நடைபெறும். செயலாளர் பொறுப்புக்கு விருப்பமுள்ளவர்கள் முன்கூட்டியே பெயர் தரலாம், நான் மீண்டும் போட்டியிடவில்லை. ஆசுஸ் மானிட்டர்கள் இப்போது என் கராஜில் இருக்கின்றன. அடுத்த செயலாளரிடம் இடம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்