தமிழ்வழி ஆசிரியருக்குத் தமிழ் வகுப்பிலேயே பயிற்சி தாருங்கள்

கேரளத்தில் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பின் பாடத்திட்டத்தை வகுப்போருக்கும் பொதுக்கல்வித் துறையின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். இடுக்கி மாவட்டத்துப் பீருமேடு தாலுகாவின் தேயிலைத் தோட்ட லயமொன்றில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, தமிழ்வழி எல்.பி. (கீழ்த் தொடக்கப்) பள்ளியில் நான்காம் வகுப்புவரை படித்து, இன்று அதே தாலுகாவின் அரசுப் பள்ளியொன்றில் தினக்கூலி அடிப்படையில் முதல் வகுப்பை நடத்திவரும் ஆசிரியை நான். தமிழ்வழித் தொடக்க வகுப்புக்கு ஆசிரியராக வர விரும்பும் ஒருவர், ஆறு வயதுக் குழந்தைக்குத் தமிழில் எழுத்தறிவிப்பது எப்படி என்பதை முறையாகப் பயிலாமலேயே எல்லாத் தகுதிகளையும் பெற்றுவிட முடிகிறது. இதை என் படிப்பின் வழியே நேரில் கண்டதால் இம்மடலை எழுதுகிறேன்.

பிளஸ் டூ முடித்தபோது, ஆசிரியராவது உறுதி என்றாலும் எங்கே தங்கிப் படிப்பது என்பது வீட்டில் பெரிய கேள்வியாக இருந்தது. எங்கள் மாவட்டத்தின் டயட், அதாவது மாவட்ட ஆசிரியர் கல்விப் பயிற்சி நிறுவனம், தொடுபுழையில் இருக்கிறது. குமுளியிலிருந்து மலையிறங்கினால், தேனி மாவட்டத்தின் டயட் அமைந்த உத்தமபாளையம் அதைவிட மிகவும் அருகில். ஆனால் எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் பெற்ற பட்டயம் இங்குள்ளதற்குச் சமம் என்னும் இணைத்தன்மைச் சான்று கேட்பார்கள் என்று பலரும் எச்சரித்ததால், கேரளத்திலேயே வேறொரு மாவட்டத்து நிறுவனத்தில் சேர்ந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். அங்கிருந்த ஆசிரியர்கள் அக்கறையானவர்கள். என் மலையாளத்தைப் பொறுமையாகத் திருத்தியவர்கள். பி.எட். படித்தால் போதாதா என்று இன்றும் கேட்கும் பெற்றோருக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன்: பி.எட். தொடக்க வகுப்புக்குரிய தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டாண்டுப் பட்டயமே நடைமுறையில் உள்ள வழி. அந்த வழியில் எது கற்பிக்கப்படுகிறது என்பது அதனாலேயே முன்னைவிட முக்கியமாகிறது.

அந்த இரண்டு ஆண்டுகளிலும் டீச்சிங் மானுவல் எனப்படும் பாடக் குறிப்புகளை மலையாளத்தில் எழுதினேன்; பயிற்சி வகுப்புகளையும் மலையாள வழிக் குழந்தைகளுக்கே எடுத்தேன். குழந்தை உளவியல், கணிதம், சுற்றுச்சூழல் ஆகியவற்றை எந்த மொழியில் பயின்றாலும் இன்னொரு மொழிக்குக் கொண்டு செல்லலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எழுத்தறிவித்தல் அப்படியல்ல. மலையாளத்தில் க, ச, ட, த, ப என்னும் வல்லெழுத்து ஒவ்வொன்றுக்கும் அதன் அதிர்வொலிக்கும் மூச்சொலிக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. குழந்தை எழுத்தைக் கண்டவுடன் ஒலியைப் பெருமளவு தீர்மானித்துவிடும். தமிழிலோ ‘பல்’ என்பதில் வரும் பகரமும் ‘தம்பி’ என்பதில் வரும் பகரமும் ஒரே எழுத்து, ஆனால் ஒலி வேறு. ‘கல்’, ‘பகல்’, ‘பங்கு’ ஆகிய மூன்றிலும் ககரம் ஒவ்வொரு விதமாக ஒலிக்கிறது. இதை விதியாகச் சொன்னால் முதல் வகுப்புக் குழந்தைக்கு விளங்காது. அந்த எழுத்து மெல்லின மெய்க்குப் பின் வரும் சொற்களை ஒரு கூட்டமாகவும், முதலெழுத்தாக வரும் சொற்களை ஒரு கூட்டமாகவும் பிரித்து, முதலில் வாயால் சொல்லவைத்து, காதால் வேறுபாட்டை உணரவைத்து, அதன் பிறகே பலகையில் எழுத வேண்டும். மலையாள வகுப்பில் கூட்டெழுத்துகளுக்கு எத்தனையோ நாட்கள் ஒதுக்குகிறோம். தமிழில் அவற்றுக்கு வேலை மிகக் குறைவு. இங்கே குழந்தை தடுமாறுவது மெய்யின் புள்ளியில்தான். அதை விட்டுவிட்டு எழுதும் பழக்கம் ஒருமுறை படிந்துவிட்டால் நான்காம் வகுப்புவரை தொடர்கிறது. இவற்றில் எதையும் நான் பயிற்சியில் கற்கவில்லை. பக்கத்து வகுப்பை நடத்தும் மூத்த ஆசிரியையின் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக் கற்றேன். அவர் ஓய்வு பெற்றுவிட்டால் அடுத்து வருபவர் யாரைப் பார்த்துக் கற்பார்?

பேச்சுக்கும் பாடநூலுக்கும் உள்ள இடைவெளியும் இதோடு சேர்கிறது. ‘அம்மா கொழுந்து கிள்ளப் போயிருச்சு’ என்று சொல்லும் குழந்தையை ‘அம்மா கொழுந்து கிள்ளச் சென்றார்’ என்ற வாக்கியத்துக்கு அழைத்து வர, அதன் பேச்சைத் தவறென்று சொல்லாமல் நகர்த்தும் பயிற்சி ஆசிரியருக்கு வேண்டும். எங்கள் வகுப்பில் அந்தப் பேச்சில் மலையாளச் சொற்களும் கலந்திருக்கும். அது குறையல்ல, எல்லைப்புறத்தின் இயல்பு.

கேரளத்தின் ஆசிரியர் தகுதித் தேர்வான கே-டெட் இந்தக் குறையை நிரப்பிவிடும் என்று நினைக்கக் கூடாது. தொடக்க வகுப்பு ஆசிரியருக்கான முதல் பிரிவில் 150 வினாக்கள். அவற்றுள் 30 வினாக்களுக்கான மொழிப் பகுதியில் மலையாளம், தமிழ், கன்னடம் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். நான் தமிழையே எழுதினேன். ஆனால் தேர்வு தெரிந்ததைச் சோதிக்குமே அன்றி, தெரியாததைக் கற்றுத் தராது. மலையாளப் பாடநூல்களில் அகரவரிசையை மீண்டும் சேர்ப்பது குறித்து 2022-இல் மாநிலமெங்கும் விவாதம் நடந்தபோது, தமிழ் வகுப்பில் எழுத்தறிமுகம் எப்படி நிகழ்கிறது என்று எவரும் கேட்டதாக நான் அறியவில்லை.

ஆகவே என் கோரிக்கை இது. தமிழ்வழிப் பணியை நாடிப் பட்டயம் பயிலும் மாணவர், தம் கற்பித்தல் பயிற்சியின் பெரும்பகுதியை பீருமேடு, தேவிகுளம், சித்தூர் தாலுகாக்களில் உள்ள தமிழ்வழி எல்.பி. பள்ளிகளில் செய்வதைக் கட்டாயமாக்குங்கள். அவர் எந்த மாவட்டத்து நிறுவனத்தில் படித்தாலும் இது பொருந்த வேண்டும். அந்நாட்களில் தங்குவதற்கும் பயணத்துக்கும் உதவித்தொகை தராவிட்டால் இது தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையாகிவிடும். தமிழில் எழுத்தறிவித்தலுக்கெனப் பட்டயப் படிப்பில் ஒரு பாடத்தாளை, வகுப்பறையில் நெடுங்காலம் நின்ற தமிழ்வழி ஆசிரியர்களைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். மலையாளக் கைநூலின் மொழிபெயர்ப்பு இதற்கு உதவாது. எல்லைக்கு அப்பால் பட்டயம் பெற்று வருவோரையும் விலக்காமல், அவர்களுக்கு இங்குள்ள பாடத்திட்டத்தில் ஒரு குறுகிய பயிற்சி தந்து ஏற்றுக்கொள்வது சரியென்று நினைக்கிறேன். இந்தக் கடைசிக் கருத்தில் என் தோழிகள் சிலரே என்னோடு உடன்படுவதில்லை; போட்டி கூடும் என்பது அவர்கள் கவலை, அதில் நியாயமும் இருக்கிறது.

இவை சலுகைகள் அல்ல. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்று, மொழிவாரி மாநிலங்கள் அமைந்த அதே 1956-இல், அரசியலமைப்பின் 350அ பிரிவு சேர்க்கப்பட்டது. கட்டடமும் பாடநூலும் எங்களுக்குக் கிடைத்திருக்கின்றன, அதற்கு நன்றியுடையோம். பயிற்சி பெற்ற ஆசிரியரும் அந்த வசதியுள் அடங்குவார்.

அடுத்த அணியினரின் சேர்க்கை அறிவிப்பு வெளிவருமுன் இதைப் பரிசீலித்து, பயிற்சிப் பள்ளிகளின் பட்டியலில் தமிழ்வழிப் பள்ளிகளைச் சேர்க்கும் முடிவைத் தெரிவிக்க வேண்டுகிறேன். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழில் கடிதம் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் இடமளிப்பதால், தங்கள் பதிலையும் தமிழில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பீருமேடு தாலுகாவைச் சேர்ந்த தமிழ்வழித் தொடக்கப்பள்ளி ஆசிரியை