பேரனின் போனைத் திருப்பிக் கொடு

அம்பாசமுத்திரம்,
ஞாயிறு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே மங்களத்துக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. எண்ணெய் மாற்றி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

கடிதத்தில் பாதியை உன் பேரனுக்கே ஒதுக்கியிருக்கிறாய். போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடிய ஒரு சிறுவன் யாரையோ குத்திவிட்டான் என்று பேப்பரில் படித்ததும், இவன் போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாயாம். நாளைக்கு இவனும் கத்தியைத் தூக்கினால் என்ன செய்வது என்று கேட்கிறாய். தலைப்பைப் படித்ததுமே தீர்ப்பு எழுதும் பழக்கம் உன்னைவிட்டு இன்னும் போகவில்லை.

நானும் ஒரு காலத்தில் உன் கட்சிதான். 1999-ல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் 13 பேரைச் சுட்டுக்கொன்றார்கள். அவர்கள் ‘டூம்’ என்ற கணினித் துப்பாக்கி விளையாட்டை ஆடியவர்கள் என்று தெரிந்ததும், அதுதான் காரணம் என்று ஆசிரியர் அறையில் மேசையைத் தட்டிப் பேசினேன். அதே விளையாட்டை ஆடிய லட்சக்கணக்கான பிள்ளைகள் மறுநாள் வழக்கம்போலப் பள்ளிக்குப் போனார்களே, அது கணக்கு வாத்தியாரான எனக்கு அன்று உறைக்கவில்லை.

ஓய்வுபெற்ற பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். ஆய்வுக்கூடத்தில் முரட்டுத்தனத்தை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? ஒருவரையொருவர் அடிக்கவிட்டா பார்க்க முடியும்? சிறிது நேரம் ஆடவைத்துவிட்டு, ஒரு கிண்ணத்தில் மிளகாய் சாஸ் ஊற்றச் சொல்கிறார்கள். காரமே பிடிக்காத ஒருவர் அதைச் சாப்பிடப் போகிறார் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். நிறைய ஊற்றினால் ஆத்திரம் அதிகம் என்று கணக்கு. அந்தக் கணக்கில் என் மாமியாருக்கு ஆயுள் தண்டனையே கிடைத்திருக்கும். எதிராளியின் காதில் எவ்வளவு உரத்த இரைச்சலை எழுப்புகிறார்கள் என்று பார்ப்பது இன்னொரு முறை. சாஸ் கிண்ணத்திலிருந்து கொலைக்குப் போக எத்தனை படி தாண்ட வேண்டும், நீயே சொல்.

2019-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 14, 15 வயதுள்ள சுமார் ஆயிரம் பிரிட்டிஷ் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, அவர்களின் நடத்தையைப் பெற்றோரிடம் விசாரித்தார்கள். ஆட்டத்துக்கும் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் கொஞ்சம் இழுத்துப் பேசுகிறது: கத்துவது, தள்ளுவது போன்றவற்றோடு சிறிய தொடர்பு உண்டு, ஆனால் கொடிய வன்முறைக்கு இதைக் காரணம் காட்டப் போதிய ஆதாரம் இல்லை. 2020-ல் சொன்னது.

அந்தக் கத்தலும் தள்ளலும் எங்கள் வீட்டிலும் உண்டு, மறைக்கவில்லை. ஆட்டத்தின் நடுவில் நெட் போய்விட்டால் என் பேரன் சார்ஜரைச் சுவரில் எறிகிறான். தூக்கம் கெட்ட மறுநாள் இன்னும் மோசம். அதனால் இரவு பத்து மணிக்கு மேல் போன் என் தலையணைக்கு அடியில்.

போன மாதம் என்னையும் ஆடச் சொன்னான். இரண்டு பேரும் திண்ணையில் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்தோம். விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்து, ஏதோ ஒரு வீட்டின் மாடிப்படியில் வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ சுட்டார்கள், விழுந்துவிட்டேன். உடனே பேரன் பதுங்கியிருந்த இடத்தைவிட்டு என்னைத் தூக்கிவிட ஓடிவந்தான். வந்ததில் அவனும் செத்தான். “உங்களால் கெட்டது, தாத்தா” என்று தலையில் அடித்துக்கொண்டான். உன் வீட்டுப் பிள்ளையின் ஆட்டத்தை ஒரு தடவையாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாயா?

இன்னொரு சேதி. சென்ற வாரம் எங்கள் பக்கத்தில் வரப்புத் தகராறில் ஒருவர் அரிவாளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நல்லவேளை, பிடித்துவிட்டார்கள். அறுபது வயது. அவர் சட்டைப்பையில் இருப்பது பட்டன் போன்.

மங்களம் உன் வீட்டில் எல்லோரையும் விசாரித்தாள். குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் எழுதுகிறேன், குடும்பத்தோடு வா.

உன்,
ராமலிங்கம்

பி.கு.: இரண்டு வாரமாகத் தங்கள் அணியில் ஓர் ஆள் குறைகிறது, மதுரைப் பையனைக் காணவில்லை என்று இவன் புலம்புகிறான். உன் பேரன்தானா என்று கேட்டு எழுது.