இறகு முளைக்கும்வரை கிளிகளை வெளியே விடாதீர்கள்: மாவட்ட வன அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

போன வாரம் சந்தையில் உங்கள் ஊழியர்கள் பறிமுதல் செய்த பச்சைக்கிளிகள் தொடர்பாக எழுதுகிறேன். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுத்தும் வெளிப்படையாக நடந்துவந்த விற்பனை அது. பிடித்ததற்கு நன்றி.

அன்று மாலையே அவற்றைக் காட்டோரத்தில் விட்டுவிட்டார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தோம். புதரடியில் தத்திக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்துச் சிறகை விரித்தால், பறக்கும் இறகுகள் இரண்டு பக்கமும் கத்தரியால் பாதியில் நறுக்கப்பட்டிருந்தன. நறுக்கிய இறகு நகம்போல வளராது ஐயா. மிச்சமிருக்கும் காம்பு தானாக உதிர்ந்து, அந்த இடத்தில் புதிது முளைக்க வேண்டும். கிளி இறகு மாற்றுவது ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறைதான். அதுவரை பூனைக்கும் காக்கைக்கும் தப்பி அது எங்கே போகும்? விடுவதற்கு முன் ஒருவராவது அந்தச் சிறகைப் பிரித்துப் பார்த்திருக்கக் கூடாதா?

இறகு முளைத்தாலும் போதாது. மரப்பொந்திலிருந்து குஞ்சாக எடுத்து, திரும்ப இடமில்லாத கூண்டில் பால்சோறு ஊட்டி வளர்த்த கிளிக்குப் பறக்க நெஞ்சில் வலு இருக்காது. வல்லூறைக் கண்டால் ஒளியத் தெரியாது. பசித்தால் மனிதரைத் தேடித்தான் வரும். நோய் இருந்தால் காட்டுக் கிளிகளுக்கும் ஒட்டும்.

அதனால்தான் கேட்கிறோம்: மாவட்டத்துக்கு ஒரு பறவை மறுவாழ்வுக் கூடம் வேண்டும். நோய் பார்க்கத் தனி அறை, பறவை வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவர், சிறகடித்துப் பழக நீளமான பெருங்கூண்டு. கிளிகளைக் கூட்டமாக வைத்து, வேப்பம்பழத்தையும் கொய்யாவையும் கொப்போடு கட்டித் தின்னப் பழக்க வேண்டும். பிறகு காட்டுக் கிளிகள் அடையும் இடத்தில் கதவைத் திறந்து, அவை தாமாக இரை தேடும்வரை வெளியே தீனி வைக்க வேண்டும்.

வீட்டுக் கிளிகளை ஒப்படையுங்கள் என்று மக்களிடம் சொல்கிறீர்கள். ஒப்படைத்தால் வைக்க எங்கே இடம்? பூங்கா வாசலில் அலங்கார வளைவு கட்டக் கிடைக்கும் பணம், ஒரு பெருங்கூண்டு கட்ட மட்டும் ஏன் கிடைப்பதில்லை? இப்படியே போனால், கிளியைப் பிடித்துக் கொடுக்க எங்களுக்கே மனம் வராது.

அடுத்த பறிமுதலுக்கு முன் அந்தக் கூடத்துக்கு இடம் ஒதுக்கித் தாருங்கள். அதுவரை, இறகு முளைக்காத எந்தப் பறவையையும் வெளியே விட வேண்டாம் என்று எழுத்தில் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தீனி வைக்கவும் கூண்டு கழுவவும் இந்த ஊரில் ஆட்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
உள்ளூர்ப் பறவை ஆர்வலர்கள் சார்பில்