பகடைப் பையோடு வரும் கடிதம்

கண்ணு,

எதிர்வீட்டுப் பையன் வருகிற புதன்கிழமை டொராண்டோவுக்குக் கிளம்புகிறான். பருப்புப்பொடி, நாரத்தங்காய் ஊறுகாய், உன் சிவப்புச் சுருக்குப்பை மூன்றையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன். ஊறுகாய் பாட்டிலை மூன்று கவரில் சுற்றியிருக்கிறேன். ஆனாலும் முதல் வேலையாகச் சுருக்குப்பையை வெளியே எடுத்துவிடு. அப்பா காரியத்துக்கு வந்தபோது நீ மறந்துவிட்டுப் போன பகடைகள்தான். பையில் ஆறுதான் இருந்தன. இருபது முகம் உள்ளதை மட்டும் காணோம். போன வாரம் அப்பாவின் கட்டிலைச் சுவரோரமாக நகர்த்தினேன், அதன் கீழே கிடந்தது.

ஆளுக்கொரு வேஷம் எடுத்துப் பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடுவீர்களே, டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அந்த ஆட்டத்தில் நீ லீரா என்ற தெய்வத்தின் பூசாரி. அதைப் பற்றிப் போனில் நீ சொன்னதற்கு அப்போதே எனக்குப் பதில் வரவில்லை. "லீராவ விட்டுட்டேம்மா. வேற சாமி, இல்மேட்டருக்கு மாறிக்கிறேன்னு சொல்லிட்டேன். ஆடிப்பாடற பூசாரியா இந்த வருஷம் என்னால நடிக்க முடியாது" என்றாய். சரி கண்ணு என்று வைத்துவிட்டேன். சரியில்லை என்று அப்புறம்தான் பட்டது. போனில் சொன்னால் இரண்டு பேரும் அழுது வைப்போம். அதனால் எழுதுகிறேன்.

ஆட்ட விதிகள் போட்ட உன் தடிப்புத்தகத்தைப் படித்தேன். சிரிக்காதே. ஊர்ப்புற நூலகத்தில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவள் நான், வீட்டில் ஒரு புத்தகம் சும்மா கிடந்தால் கை அரிக்கும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தினம் நாலு பக்கம். பாதி புரியவில்லை. மந்திரப் பட்டியல் வந்ததும் தாண்டிவிட்டேன். கடைசியில் பின்னிணைப்பில் உன் தெய்வத்தைத் தேடிப் பிடித்தால், அட்டவணையில் ஒரே ஒரு வரி! பெயர் லீரா, மகிழ்ச்சியின் தெய்வம், குணம் இன்னது, பூசாரிக்கு அவள் தருகிற வரம் எந்தத் துறை என்றால் உயிர், சின்னம், முக்கோணமாக வைத்த மூன்று அறுமுனை நட்சத்திரங்கள். முடிந்தது. ஊர் எல்லையில் நிற்கிற கன்னிமாருக்குக்கூட இதைவிட நீளமாகக் கதை சொல்வார்கள்.

மிச்சத்தை உன் நீல நோட்டில் படித்தேன். அதுவும் அலமாரியில்தான் இருந்தது. கேட்காமல் எடுத்தது தப்புதான், இப்போது சொல்லிவிட்டேன்.

அதில் எனக்கு முதலில் பிடித்தது தெய்வமில்லை, லீரா இருக்கிற அந்தக் கற்பனை உலகத்தைக் கட்டிய ஆள். எட் கிரீன்வுட் ஒரு நூலகப் பணியாளர், அதுவும் நீ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்திலேயே! டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் அச்சில் வந்தது 1974-இல். அவர் அதற்கும் முன்னால், 1960-களில் சின்னப் பையனாக இருந்தபோதே ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற அந்த உலகத்தைத் தனக்குத்தானே எழுத ஆரம்பித்துவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். 1987-இல் அது ஆட்டப் பெட்டியாக விற்பனைக்கு வந்தது. புத்தகம் அடுக்குகிறவர் ஓர் உலகத்தை அடுக்கியிருக்கிறார். இத்தனை நாள் இதைப் பொழுதுபோகாதவர்கள் செய்கிற வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

லீராவைப் பற்றி நானும் முதலில் நினைத்தது நீ இப்போது நினைப்பதைத்தான். ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு உடுத்திக்கொண்டு ஆடுகிற கூட்டம். விருந்து, பாட்டு, வாணவேடிக்கை. நல்லது நடக்கிற வீட்டுக்கு மட்டும் வருகிற சொந்தக்காரர் மாதிரி ஒரு மதம். ஆனால் நோட்டைப் புரட்டப் புரட்ட அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று தெரிந்தது. வாகீன் கதையை எடுத்துக்கொள். தெய்வங்கள் எல்லாம் மண்ணில் இறக்கிவிடப்பட்ட அந்தக் கலவரக் காலத்தில், வணிகத்தின் தெய்வமான வாகீன் தன் பொறுப்பைத் தோழி லீராவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள், போன இடத்தில் சிறைப்பட்டாள். பத்து வருஷத்துக்கு மேல் ஆள் இல்லை. அத்தனை காலமும் ஆடிப்பாடுகிற தெய்வம் சந்தையையும் காசையும் கணக்கையும் பார்த்துக்கொண்டாள். வாகீன் திரும்பி வந்ததும் அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

இதைப் படித்த அன்று நான் கரண்டுபில் கட்டிவிட்டு, பேங்க்கில் அப்பா பெயரை எடுக்க மூன்றாவது தடவையாகப் போய்விட்டு வந்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு காகிதம் குறைகிறது அவர்களுக்கு. அப்பா இருந்தவரை எந்தப் பில் எந்தத் தேதியில் என்று எனக்குத் தெரியாது. வந்து உட்கார்ந்து நோட்டைத் திறந்தால், அடுத்தவள் கணக்கை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள் இந்த லீரா. எனக்கு அவளைப் பிடித்துப்போனது அங்கேதான்.

அப்புறம் அந்த வாள் சடங்கு. அவளுடைய பூசாரிகளுக்கு மிகப் புனிதமான சடங்கு, ஆயுதங்களைத் தரையில் போட்டு அவற்றைப் பூவால் மூடுவது. நீ அதற்குப் பக்கத்தில் படம்கூட வரைந்திருக்கிறாய். பூவுக்கு அடியில் வாளின் பிடி மட்டும் தெரிகிறது. வாள் எங்கும் போய்விடவில்லை, அங்கேயேதான் கிடக்கிறது என்று உனக்கும் தெரிந்துதானே வரைந்தாய்?

நோட்டின் ஓரத்தில் வேறு ஆட்டத்துத் தெய்வங்களையும் குறித்து வைத்திருக்கிறாய். பாத்ஃபைண்டரில் கெய்டன் கைலீன் என்று ஒருவன். குடிபோதையில் தெய்வமாவதற்கான சோதனைக்குள் நுழைந்து, மூன்று நாள் கழித்துத் தெய்வமாகவே வெளியே வந்தவன். உள்ளே என்ன நடந்தது என்று அவனுக்கே நினைவில்லை. அப்பாவிடம் இதைச் சொல்லியிருந்தால் நம்ம ஊரில் பாதிப் பேர் பரீட்சைக்கு உட்காரலாம் என்றிருப்பார். அதே ஆட்டத்தில் கலைக்கு ஷெலின் என்று ஒருத்தி. அவளுடைய வீரர்கள் ஆளுக்கொரு கலையைக் கற்றுத் தேற வேண்டும்; எந்தக் கலைப்பொருளும் அழியவிடக் கூடாது, ஓர் உயிரைக் காப்பாற்றவோ அதைவிடப் பெரிய கலை பிறக்கவோ என்றால் மட்டும் அழியலாம். யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

சரி, இல்மேட்டருக்கு வருகிறேன். அவரை ஒன்றும் குறை சொல்லவில்லை. தாங்கிக்கொள்வதற்கான தெய்வம், மணிக்கட்டில் சிவப்புக் கயிற்றால் கட்டப்பட்ட இரண்டு கைகள் அவர் சின்னம். துக்கத்தில் இருக்கிறவள் அவர் பக்கம் போவது நியாயம்தான். ஆனால் அட்டவணையை இன்னொரு தடவை பார். இல்மேட்டருக்கு எதிரே என்ன துறை போட்டிருக்கிறது? உயிர். லீராவுக்கு? அதே உயிர். இரண்டு பேருடைய பூசாரிக்கும் ஒரே வரம், ஒரே மருந்து. ஆட்டத்தை எழுதியவர்கள் அழுகைக்கு ஒரு வைத்தியம், சிரிப்புக்கு ஒரு வைத்தியம் என்று பிரிக்கவில்லை. அப்படியிருக்க நீ எதற்கு வீடு மாறுகிறாய்?

இன்னொன்று, உயிர்த் துறைப் பூசாரிக்குக் கனக் கவசம் போட உரிமை உண்டாம். சங்கிலிக் கவசம் 55 பவுண்டு, அதாவது 25 கிலோ. அரை மூட்டை சிமெண்டைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறாள் உன் பூசாரி. சத்தமில்லாமல் நடப்பதே கஷ்டம். அவளைப் போய் லேசானவள் என்று ஒதுக்குகிறாயே.

நான் திரும்பத் திரும்பப் படித்த பக்கம் ஒன்று இருக்கிறது. அந்தப் பூசாரி தன் தெய்வத்தை அழைத்து, 30 அடிக்குள் அடிபட்டுக் கிடக்கிறவர்களுக்கு உயிரைப் பங்கிட்டுக் கொடுக்கலாம். ஆட்டத்தில் 5-ஆம் படிக்கு ஏறியிருந்தால் 25 உயிர்ப் புள்ளி. ஆனால் யாரையும் அவர்களுடைய முழு உயிரில் பாதிக்கு மேல் ஏற்ற முடியாது. எவ்வளவு கொடுத்தாலும் பாதிதான். மிச்சம் வேண்டுமென்றால் வேறு மந்திரம் வேண்டும், இல்லையென்றால் 8 மணி நேரம் படுத்து ஓய்வெடுக்க வேண்டும்.

கருமாதி அன்று சாயங்காலம் நீ மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாய், அதனால் உனக்குத் தெரியாது. பந்தல் பிரிக்கிறவன் வரவில்லை. சாப்பிட்ட இலைகளை எடுத்தாயிற்று, யாருக்கும் போக மனசில்லை, பேசவும் ஒன்றுமில்லை. உன் சித்தப்பா திடீரென்று, "அண்ணன் தோழி வேஷம் கட்டுனது ஞாபகமிருக்கா?" என்று ஆரம்பித்தார். எங்கள் கல்யாணத்துக்கு முந்தின கதை. ஊர்த் திருவிழா நாடகத்தில் வள்ளிக்குத் தோழியாக வர இருந்தவனுக்குக் காய்ச்சல். அப்பாவைப் பிடித்துச் சேலை கட்டிவிட்டார்கள். மறுநாள் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மீசையை எடுக்க முடியாது என்று ஒரே பிடிவாதம். முந்தானையால் வாயை மூடிக்கொண்டே மேடையேறிவிட்டார். தினைப்புனத்தில் வெட்கப்படுகிற தோழி என்று ஜனமும் நம்பிவிட்டது. பாட்டு வந்ததும் இரண்டு கையாலும் தாளம் போட வேண்டும். முந்தானை விழுந்தது. முருகனாக வந்தவர் "யாரடி பெண்ணே" என்று பாட வாயெடுத்தவர், "யோவ்" என்றாராம்.

சித்தப்பா அந்த "யோவ்" சொன்ன விதத்தில் பந்தலே குலுங்கியது. உன் பெரிய அத்தை மட்டும் "எழவு வீட்டுல என்னடா சிரிப்பு" என்று சத்தம் போட்டாள், போட்டுவிட்டுத் தானும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே ஒப்பாரியில் இறங்கிவிட்டாள். நானும் சிரித்தேன் கண்ணு. பதினாறு நாளில் முதல் தடவை. அன்று ராத்திரி ஐந்து மணி நேரம் தூங்கினேன். புத்தகத்தில் அந்தப் "பாதிக்கு மேல் இல்லை" என்ற வரியைப் படித்தபோது, எழுதியவனுக்கு யார் சொன்னது என்று இருந்தது.

அழுகிறவளிடம் போய் "அழாதே, சிரி" என்று சொல்கிற ஆட்களை நான் இந்த நாலு மாதத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். ஓங்கி ஒன்று வைக்கலாம் போல வரும். லீராவின் பூசாரி அப்படிப்பட்டவள் என்றால் நானே மாறிவிடு என்று சொல்லியிருப்பேன். சித்தப்பா யாரையும் சிரிக்கச் சொல்லவில்லை. கதையைச் சொன்னார், அவ்வளவுதான்.

இதுவரை எழுதியது எல்லாம் புத்தக நியாயம். இனி நிஜமான காரணம். நோட்டில் உன் பூசாரியின் பக்கத்தில், அவளுக்கு என்ன கொள்கை, யார்மேல் பாசம், என்ன குறை என்று கட்டம் கட்டி எழுதியிருக்கிறாய். குறை என்ற கட்டத்தில், "ஜோக்கைச் சொல்லி முடிப்பதற்குள் தானே சிரித்துவிடுவாள், ஜோக் யாருக்கும் புரியாது" என்று இருக்கிறது. பழக்கம் என்ற இடத்தில், "பாட்டுக் கேட்டால் தம்ளரில் தாளம்". இது யார் என்று எனக்குத் தெரியாதா? அப்பாவுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

போன வருஷம் லீவில் வந்தபோது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து லேப்டாப் முன் உட்காருவாயே. அங்கே சனிக்கிழமை ராத்திரி எட்டு மணி. ஒருநாள் உன் பூசாரி அடிபட்டு விழுந்துவிட்டாள். இருபது முகப் பகடையில் 10-க்கு மேலோ 10-ஓ மூன்று தடவை விழுந்தால் பிழைப்பாள், குறைவாக மூன்று விழுந்தால் போய்விடுவாள் என்றாய். இரண்டு குறைவாக விழுந்துவிட்டது. உன் முகம் போன போக்கைப் பார்த்து அப்பா காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு "கொடு இப்படி" என்று வாங்கி உருட்டினார். 20. அங்கே இருந்த உன் சினேகிதர்கள் எல்லாம் கத்தினார்கள். 20 விழுந்தால் ஒரு புள்ளி உயிரோடு எழுந்துவிடுவாள் என்று நீ சொன்னதும், "ஒண்ணே ஒண்ணா? உங்க சாமி படு கஞ்சம்" என்றார்.

ஆஸ்பத்திரியில் அந்த மூன்று நாளும் எனக்கு அந்தப் பகடைதான் கண்ணில் நின்றது. யாரிடம் சொல்வது அதை.

உனக்கு இஷ்டமில்லை என்றால் இந்த வருஷம் ஆடவே வேண்டாம். தீபாவளியே இல்லை, ஆட்டம் என்ன. ஆனால் ஆடுவதாக இருந்தால் அந்தப் பூசாரியை வெளியே அனுப்பிவிட்டு வேறு ஆளை உட்கார வைக்காதே. அவள் கொஞ்ச நாள் ஆடாமல் இருக்கட்டும். பேசாமல்கூட இருக்கட்டும். காவி கட்டிக்கொண்டாலும் சரி. ஆட்டத்தை நடத்துகிற உன் சினேகிதியிடம் சொல், அவளுக்குப் புரியும். கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்லிவிடு.

கட்டிலடியில் கிடைத்ததும், நீ என் பேச்சைக் கேட்பாயா என்று நினைத்துக்கொண்டு அடுப்படித் தரையில் ஒருமுறை உருட்டினேன். 9. குக்கர் விசில் அடித்ததில் கை ஆடிவிட்டது, அதனால் அது கணக்கில் சேராது. மறுபடி உருட்டினேன். என்ன விழுந்தது என்று நீ கூப்பிடும்போது சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு எனக்கு எப்படியும் விழிப்பு வந்துவிடும். வீடியோவில் என்னையும் ஓரமாகப் போட்டு வை. பேச மாட்டேன்.

அம்மா

ஊறுகாயை ஃப்ரிட்ஜில் வைக்காதே, விறைத்துப்போகும்.