கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை வந்து பாருங்க

கடலோரத்துல எதைக் கட்டலாம் எதைக் கட்டக்கூடாதுன்னு முடிவு பண்ற அதிகாரிகள் எல்லாருக்கும் வணக்கம்.

கடல் தண்ணி ஏறி இறங்கற சேத்துல கண்டல் மரங்கள் வளர்ற அலையாத்திக் காட்டை எப்படியாவது காப்பாத்திடணும்னு ஒண்ணு சேர்ந்திருக்கற கரையோர மக்கள்ல ஒருத்தரா இதை எழுதறேன். உங்க டேபிளுக்கு வர்ற ஃபைல்ல அந்த இடத்தை தரிசு, சேறு, எதுக்கும் உதவாத சதுப்புன்னுதான் எழுதியிருப்பாங்க, கூடவே ஒரு போட்டோ, வெயில்ல வெடிச்ச மண்ணு, நாலு பட்டுப்போன மரம். போட்டோ பொய் இல்லைங்க. ஆனா அந்த இடம் ஏன் அப்படி ஆச்சுன்னு ஃபைல்ல ஒரு வரி இருக்காது.

இந்த மரத்தைக் கொல்ல கோடாலியே வேண்டாம். கடல் தண்ணி உள்ள வந்து போற வாய்க்கால்ல மண்ணைக் கொட்டி மேல ஒரு ரோடு போட்டா போதும். இதுல ஒரு வகையான வெண்கண்டல் மரம் சேத்துக்குள்ள இருந்து பென்சில் பென்சிலா வேரை மேல நீட்டித்தான் மூச்சு விடுது, தண்ணி ஏறி இறங்கிக்கிட்டே இருந்தாதான் அது பிழைக்கும், தேங்கி நின்னா வேர் மூச்சு முட்டி சாகும், வராமலே போனா மண்ணுல உப்பு ஏறி சாகும். ஒரு மரத்தைக்கூட யாரும் வெட்டியிருக்க மாட்டாங்க, ஆனா காடு போயிடும். அப்புறம் சர்வே எடுக்க வர்றவங்க இங்க காடே இல்லைன்னு எழுதிட்டுப் போயிடறாங்க. எங்களுக்கு வயிறு எரியறது இங்கதான்.

செத்த இடம் செத்ததுதான்னு நினைக்காதீங்க. பிச்சாவரத்துல பழைய காலத்துல மொத்தமா வெட்டின இடங்கள்ல மண்ணு குழிஞ்சு, தண்ணி தேங்கி, உப்பேறி மொட்டையா கிடந்துச்சு. 1990கள்ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து மீன் முள்ளு மாதிரி வாய்க்கால் வெட்டி கடல் தண்ணிய உள்ள விட்டாங்க, கண்டல் திரும்ப வந்துச்சு. ஃபைல்ல தரிசுன்னு எழுதற இடத்துக்கும் இந்த மாதிரி ஒரு வாய்க்கால்தான் தேவையா இருக்கலாம், அதை யாராவது பார்த்தாங்களா?

இங்க அழிஞ்சா என்ன, வேற இடத்துல நட்டுக்கலாம்னு சொல்றதை மட்டும் தயவுசெஞ்சு நம்பாதீங்க. பிலிப்பைன்ஸ்ல எவ்வளவோ பணம் செலவழிச்சு நட்டும் பத்து கன்னுல ஒண்ணு ரெண்டு பிழைச்சா பெரிசுங்கற நிலைமையாதான் பல இடத்துல இருந்துச்சு. ஏன்னா கண்டலுக்குத் தோதான இடமெல்லாம் முன்னாடியே மீன் பண்ணையா மாறிடுச்சு, யாரும் உரிமை கேக்காத வெறும் சேத்துத் திட்டு, கடல்புல் தரைன்னு போய் சுரபுன்னைங்கற கண்டல் வகையை நட்டாங்க, அங்க எப்பவுமே அது வளர்ந்ததில்ல. கன்னு எண்ணிக்கையை வச்சு காட்டை கணக்குப் பண்ண முடியாதுங்க.

புயல் அடிச்சா தெரியும் இதோட அருமை. 1999ல ஒடிசாவை சூப்பர் புயல் தாக்கினப்போ கேந்திரபாரா மாவட்டத்துல, கடலுக்கும் ஊருக்கும் நடுவுல அலையாத்தி அகலமா இருந்த கிராமங்கள்ல சாவு குறைவுன்னு பின்னாடி நடந்த ஆய்வுல தெரிஞ்சுது. அதே புயல், அதே மாவட்டம்.

கென்யாவுல காஸி விரிகுடா மக்கள் 2013ல இருந்து 117 ஹெக்டேர் கண்டலை பாதுகாத்து, அந்த மரங்கள் காத்துல இருந்து இழுத்து வச்சுக்கற கார்பனை கணக்குப் போட்டு கார்பன் வரவா வித்து வர்ற காசை குடிதண்ணிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் செலவு பண்றாங்க. எல்லா ஊருக்கும் கார்பன் வியாபாரம் சரியா வரும்னு நான் சொல்லல, எனக்கே அதுல சில சந்தேகம் உண்டு. ஆனா காவல் பொறுப்பை ஊர்க்காரங்ககிட்ட கொடுத்தா அவங்க செய்வாங்கன்னு மட்டும் அடிச்சு சொல்வேன்.

அதனால கேக்கறோம், கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை வாங்க. அமாவாசையோ பௌர்ணமியோ தண்ணி நல்லா ஏறி நிக்கறப்போ ஒரு தடவை, அடியோட வத்தினதும் இன்னொரு தடவை. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படம் 1980கள்ல எடுத்ததுகூட இப்ப இலவசமா கிடைக்குது, அதை ஃபைல் போட்டோ பக்கத்துல வச்சு எந்த வருஷத்துல இருந்து பச்சை மறைய ஆரம்பிச்சுதுன்னு பாருங்க, அந்த வருஷம் பக்கத்துல எந்த ரோடு, எந்த கரை வந்துச்சுன்னும் சேர்த்துப் பாருங்க. கருத்துக் கேட்புக் கூட்டத்தை எல்லாரும் கடலுக்குப் போயிருக்கற நேரத்துல வைக்காதீங்க, அறிக்கையை எங்களுக்குப் படிக்கத் தெரிஞ்ச மொழியில குடுங்க.

தேதி மட்டும் சொல்லுங்க. வாய்க்கால் எந்த இடத்துல அடைபட்டுக் கிடக்குன்னு நாங்களே கூட்டிட்டுப் போய் காட்டறோம்.