மாலேக்குப் போன கல்

அன்புள்ள செல்வம்,

ஏலே, திட்டாதே. உனக்குப் பதில் போட்டு நாலு மாதம் ஆகிவிட்டது, காரணம் சொன்னால் நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை. வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான். பாண்டி அந்த ஐந்நூறை இன்னும் தரவில்லை, நீயும் கேட்டுவிடாதே.

விஷயம் என்னவென்றால், போன ஞாயிறு ஒரு ஆவணப்படம் பார்த்தேன். 'தி ஐலண்ட் பிரசிடென்ட்', ஜான் ஷென்க் எடுத்தது, 2011-ல் வந்தது. (சரி, லேட்டுதான், சிரித்துக்கொள்.) மாலத்தீவு ஜனாதிபதியாக இருந்த முகமது நஷீதின் முதல் வருஷத்தை, 2009 டிசம்பரில் நடந்த கோபன்ஹேகன் பருவநிலை மாநாடு வரைக்கும், கூடவே போய் எடுத்திருக்கிறார்கள். தனியாகப் பார்த்திருந்தால் நல்ல படம் என்று சொல்லிவிட்டுத் தூங்கியிருப்பேன். பெரிய மாமா வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் தோணியில் தண்டலாக, அதாவது தோணிக்குத் தலைவராக, எத்தனை தடவை மாலத்தீவுத் தலைநகர் மாலேக்குப் போயிருக்கிறார் என்று உனக்குத் தெரியும். வெங்காயம், உருளைக்கிழங்கு, ஜல்லி, கருங்கல் எல்லாம் இங்கிருந்து போகும், வரும்போது நம் வீடுகளுக்கு மாசிக் கருவாடு வரும். மேலிருந்து மாலே நகரம் தெரிந்ததும் மனுஷன் லேப்டாப்பில் விரலை வைத்து, "இந்தக் கட்டடத்துல பாதி நம்ம தூத்துக்குடிக் கல்லுலே" என்றார். சராசரியாக ஒன்றரை மீட்டர் உயரம்தான் அந்த நாடு. 2009 அக்டோபரில் அமைச்சரவையே கடலுக்கடியில் முக்குளித்துக் கூடியது என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார். கோபன்ஹேகன் காட்சிகளில் சிரிப்பு நின்றுவிட்டது. தீவு நாடுகள் ஒன்றரை டிகிரிக்கு மேல் சூடு ஏறக்கூடாது, காற்றில் கரியமிலவாயு 350 பிபிஎம்முக்குள் (பத்து லட்சம் பங்கில் 350 பங்கு) இருக்கவேண்டும் என்று கெஞ்சுகின்றன, கடைசியில் கிடைத்தது யாரையும் சட்டப்படி கட்டிப்போடாத, இரண்டு டிகிரி என்று சொல்லும் ஒரு தாள். "யாவாரம் பேசுத மாதிரில்லா பேசுதானுவ" என்றார் மாமா. அப்போது 387 பிபிஎம், இப்போது 420-ஐத் தாண்டியாயிற்று. நஷீதும் 2012 பிப்ரவரியில் பதவியை விட்டு இறங்கவேண்டியதாயிற்று.

படம் முடிந்து லேப்டாப்பை மூடியதும் அவர் நம் தூத்துக்குடிக் கடலில் இருக்கும் வான் தீவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சின்ன வயசில் அங்கே இறங்கிச் சோறு பொங்கித் தின்றிருக்கிறாராம். 1969-ல் 20 ஹெக்டேர் இருந்த தீவுடா, 2015 வாக்கில் இரண்டு ஹெக்டேர்கூடத் தேறுமா என்றாகிவிட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே மூழ்கியாயிற்று. இதற்கு நேராக அமெரிக்காவையும் சீனாவையும் திட்டிவிட்டுப் போகலாமென்றால் முடியவில்லை. சுற்றி இருந்த முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையை, சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் வெட்டி எடுத்தது நாம்தான். "எங்க வீட்டுச் சுவரே அதுதான்" என்று மாமா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். ஆனால் 2004 சுனாமியில் அந்தத் தீவுகள் அலையைத் தாங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகு கல் எடுப்பது நின்றது பார். அப்புறம் வான் தீவுக்கு முன்னால் கான்கிரீட் பாறைகளை இறக்கினார்கள், மணல் திரும்பச் சேர ஆரம்பித்திருக்கிறது. அதைத்தான் மூன்று நாளாக மென்றுகொண்டிருக்கிறேன்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, நம் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அந்த ஒரு மழையை முழுசாகப் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது, ஆனால் ஒரு டிகிரி சூடு ஏறினால் காற்று ஏழு சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும், அது இயற்பியல். மழைக்குப் பிறகு தெருவில் கேட்ட ஒரே கேள்வி, "நிவாரணம் ஆறாயிரம் வந்துட்டா?" நானும் கேட்டேன், மறுக்கவில்லை. ஓடை எங்கே குறுகிப்போனது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் தனியாக ஒரு மனு கொடுத்தேன், ரசீது கிடைத்தது, அதை அம்மா பால்கணக்கு நோட்டில் வைத்திருக்கிறாள்.

அதனால் ஒரு திட்டம். உப்புக் குடோன் சுவரில் அந்தப் படத்தைப் போடப்போகிறேன், முழுசாக அல்ல, மூன்று துண்டாக. நடுவில் மாமா வான் தீவைப் பற்றிப் பேசுவார். அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு (நம் வார்டு மக்கள் கூடுவதுதான்) நாற்பது பேராகப் போய், பழைய வரைபடத்தை வைத்து ஓடையின் அகலத்தை அளந்து காட்டச் சொல்லிக் கேட்போம். நாற்பது பேருக்கும் ரசீது கொடுத்து அனுப்ப முடியாதில்லையா? இதைச் சொன்னால் பாண்டி, "படம் போட்டா கடல் இறங்கிருமா" என்கிறான். அவனுக்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான் உனக்கு எழுதுகிறேன்.

படம் இங்கிலீஷ். தமிழில் கூடவே சொல்ல ஒரு குரல் வேண்டும், அது உன்னிடம்தான் இருக்கிறது. ஆனால் கோமதி அக்கா கல்யாணத்தில் மைக்கைப் பிடித்த மாதிரி பிடிக்காதே. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னாடியே வா, உன் ஆபீஸ் புரொஜெக்டரையும் தூக்கிக்கொண்டு வா. நல்ல மாசியாக ரெண்டு துண்டு மாமா உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறார், பூனை பார்த்துவிட்டது, சீக்கிரம்.

உன்,
முருகேசன்